அரிசி மூட்டைத் தையல்

நான் எதையும் மறக்கிற ஆள் இல்லை. பேருந்தில் என் காலை மிதித்துவிட்டு மன்னிப்புக் கேட்காமல் இறங்கிப் போனவளின் முகம்கூட எனக்குப் பல வருஷம் நினைவில் நிற்கும். 'மன்னிச்சு விட்டுடு, உன் உடம்புக்குத்தான் நல்லது' என்று புத்தி சொல்ல வருகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என் உடம்புக்கு எது நல்லது என்று எனக்குத் தெரியாதா? இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனிமேல் சொல்லப்போவதில் நான் நல்லவளாக வரமாட்டேன், வரவேண்டும் என்ற ஆசையும் எனக்கு இல்லை.

புதுச்சேரியில் கம்பளி நூலுக்கென்று ஒரு கடை இருக்கிறது என்றால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். மார்கழியிலேயே மின்விசிறி இல்லாமல் உட்கார முடியாத ஊர் இது. ஆனால் இங்கே வீட்டுக்கு ஒருவர் இல்லாவிட்டாலும் தெருவுக்கு ஒருவராவது பிரான்சில் இருக்கிறார்கள். அங்கே குளிருகிறது, அங்கே பிள்ளைகள் பிறக்கிறார்கள். அதனால் இங்கே வியர்க்க விறுவிறுக்க உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னுகிற பெண்கள் இருக்கிறார்கள். மிஷன் வீதிக்கு அடுத்த தெருவில் இருக்கும் அந்தக் கடை இவர்களை நம்பித்தான் நடக்கிறது.

கடைக்காரம்மாவை எல்லோரும் மதாம் என்றுதான் கூப்பிடுவோம். பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவரின் விதவை. சனிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு மேல் கடையின் பின்பக்க அறையில் நீள மேசையைச் சுற்றி நாங்கள் உட்காருவோம். நூல் கையில் ஒட்டாமல் இருக்க நடுவில் ஒரு பவுடர் டப்பா இருக்கும், ஆளாளுக்குக் கொட்டித் தேய்த்துக்கொள்வோம். யார் மருமகளுக்கு எத்தனையாவது மாதம், எந்த நிறத்தில் புது நூல் வந்திருக்கிறது, யார் மகனுக்கு அங்கே வேலை போயிற்று என்ற சேதியெல்லாம் அந்த மேசைக்கு வந்துதான் ஊருக்குள் போகும்.

அந்த மேசைக்கு ஒரு வழக்கம் உண்டு. எங்களில் யார் பிரான்சுக்கு விமானம் ஏறினாலும் மற்றவர்கள் பின்னியதை எல்லாம் அவளுடைய பெட்டியில் வைத்து அனுப்புவோம். அந்தப் பெட்டியை மதாம் 'வலீஸ்' என்பார், அவரைப் பார்த்து நாங்களும் அப்படியே சொல்வோம். போகிறவள் தன் துணியைக் குறைத்துக்கொண்டாவது எங்கள் பொட்டலங்களை ஏற்றுவாள். அங்கே போய் ரயிலோ பஸ்ஸோ பிடித்து அந்தந்த வீட்டில் கையோடு கையாகக் கொடுத்துவிட்டு வரவேண்டும். இதுவரை எந்தப் பொட்டலமும் காணாமல் போனதில்லை என்று மதாம் புதிதாக வருகிறவர்களிடம் பெருமையாகச் சொல்வார்.

நான் இந்த ஊர் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு தையல் யூனிட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். முதலில் சாக்குப் பை தைக்கிற பகுதி, அப்புறம் உடுப்பு தைக்கிற பகுதி. அந்த மேசையில் என்னைவிட நன்றாகப் பின்னுகிறவர்கள் உண்டு. ஆனால் பின்னிய துண்டுகளைச் சேர்ப்பதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. முன்பக்கம், முதுகு, கை என்று தனித்தனியாகப் பின்னி முடித்ததும் எல்லோரும் என்னிடம்தான் கொண்டுவந்து நீட்டுவார்கள். நான் சேர்த்த இடத்தில் கோடு தெரியாது.

என் மகளும் பிரான்சில்தான் இருக்கிறாள். அவளுக்கும் எனக்கும் பேச்சு இல்லை. அவள் சிறுபிள்ளையாக இருக்கும்போதே அவளுடைய அப்பா எங்களை விட்டுவிட்டு வில்லியனூர்ப் பக்கம் இன்னொருத்தியோடு குடும்பம் நடத்தப் போய்விட்டார். நான்தான் யூனிட்டில் ஓவர்டைம் பார்த்து அவளைப் படிக்க வைத்தேன். கல்யாணம் என்று வந்ததும் அப்பாவும் மேடையில் நிற்கட்டும் என்றாள். "அந்தாளு நிக்கிற எடத்துல நான் நிக்க மாட்டேன்" என்று சொன்னேன். அவர் நின்றார், நான் போகவில்லை. அதோடு அவள் என் போனை எடுப்பதை நிறுத்திவிட்டாள். அதில் நான் செய்தது தப்பு என்று இன்றைக்கும் எனக்குத் தோன்றவில்லை.

எனக்குப் பேத்தி பிறந்த சேதிகூட அந்த மேசையில்தான் கிடைத்தது. குழந்தைத் தொப்பிக்கு நூல் வாங்க வந்த ஒரு பெண் என்னைப் பார்த்து, "உங்க பொண்ணுக்குப் பொண் கொழந்தயாமே, இப்பதான் கேள்விப்பட்டேன்" என்றாள். மேசை முழுக்கக் கை நின்றது, எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். "ஆமா, தெரியுமே" என்றேன். எனக்குத் தெரியாது என்று அத்தனை பேருக்கும் தெரிந்துவிட்டது. அன்றைக்கே மாம்பழ மஞ்சள் நிறத்தில் நூல்கண்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

அதில் பேத்திக்கு ஒரு குட்டிக் கோட்டு, இரண்டு வயதுவரை போடட்டும் என்று கொஞ்சம் பெரிதாகவே பின்னினேன். அதைப் போல நான் வேறு எதையும் பார்த்துப் பார்த்துப் பின்னியதில்லை. முன்பக்கம் இரண்டிலும் ஜடை மாதிரி முறுக்கிக்கொண்டு போகிற பின்னலைப் போட்டேன். நான் இடதுகைக்காரி, அதனால் நான் போடுகிற ஜடை மற்றவர்கள் போடுவதற்கு எதிர்ப்பக்கமாகத் திரும்பும். தெரிந்தவர்கள் பார்த்தால் இது என் கை என்று உடனே சொல்லிவிடுவார்கள். மகள் சின்ன வயதில் என் மடியில் உட்கார்ந்து இதைப் பார்த்தவள்தான். பொட்டலத்தில் நான் கடிதம் வைக்கவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. கோட்டைப் பிள்ளைக்குப் போட்டால் போதும், மற்றதை அவளே புரிந்துகொள்வாள் என்று இருந்தேன். எனக்கும் அவளுக்கும் நடுவில் வேறு எதுவும் மிச்சமில்லை. அது அவள் கைக்குப் போய்ச் சேர்வதுதான் எனக்கு முக்கியம்.

அந்த வருஷம் போனவள் காலாப்பட்டுக்காரி. அந்த ஊரிலிருந்து வருவதால் நாங்கள் அவளை அப்படித்தான் சொல்வோம். வீட்டுக்காரருக்குச் சொந்தமாகப் படகு, மகனுக்கு அங்கே ஓர் உணவகத்தின் சமையல்கட்டில் வேலை. என்னைவிடச் சின்னவள். வாய் நிறைய அக்கா, அக்கா என்பாள். என் மகள் இருக்கிற ஊருக்கு அவள் மகன் வீட்டிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம்கூட ஆகாதாம். திரும்பி வந்ததும் எல்லோருக்கும் சாக்லேட் கொடுத்தாள். நான் தனியாக இழுத்துக்கொண்டு போய்க் கேட்டேன்.

"குடுத்துட்டேன்க்கா" என்றாள்.

"என்னா சொன்னா?"

"நல்லாருக்குன்னா."

அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு நான் மாதக்கணக்கில் வாழ்ந்தேன். 'நல்லாருக்கு' என்று எப்படிச் சொல்லியிருப்பாள், சிரித்துக்கொண்டா, அழுதுகொண்டா என்று துணி துவைக்கும்போதும் யோசிப்பேன். போன் அடித்தால் ஈரக்கையோடு ஓடுவேன். காஸ் சிலிண்டர்காரனாக இருக்கும்.

அப்புறம் ஒரு நாள் கடையின் வாட்ஸ்அப் குழுவில் காலாப்பட்டுக்காரி ஒரு படம் போட்டாள். அவள் பேரனுக்கு அங்கே பிறந்தநாள். பையன் கேக்குக்கு முன்னால் நிற்கிறான். அவன் மேல் மாம்பழ மஞ்சள் கோட்டு. படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். ஜடை எதிர்ப்பக்கம் திரும்பியிருந்தது. குழுவில் எல்லோரும் பூவும் இதயமுமாகப் போட்டுத் தள்ளினார்கள். நானும் ஒரு பூ போட்டேன்.

அந்தப் பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் ரயில் ஏறிப் போகச் சோம்பல்பட்டுக்கொண்டு, என் பேத்தியின் கோட்டைத் தன் பேரனுக்குப் போட்டுவிட்டு, என் மூஞ்சிக்கு நேரே நின்று 'நல்லாருக்குன்னா' என்று ஒருத்தி சொன்னாள். அதை நான் நம்பினேன். ஈரக்கையோடு ஓடினேன். உடனே போய் அவளை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருக்கலாம். ஆனால் கேட்டால் ஐயோ அக்கா என்று கண்ணைக் கசக்குவாள், மேசையில் இருக்கிற நாலு பேர் சமாதானம் பண்ண வருவார்கள், விஷயம் முடிந்துபோகும். அப்படி முடியக் கூடாது என்று கறுவிக்கொண்டேன்.

மதாம் வருஷத்துக்கு ஒரு முறை கடை திறந்த நாளைக் கொண்டாடுவார். அன்றைக்கு ஒவ்வொருத்தியும் அந்த வருஷம் பின்னியதில் சிறந்ததைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்று படம் எடுத்துக்கொள்வோம். தெருவில் போகிற வெள்ளைக்காரர்கள்கூட நின்று பார்ப்பார்கள். காலாப்பட்டுக்காரி அந்த முறை பருத்தி நூலில் கத்திரிப்பூ நிறத்தில் முட்டிவரைக்கும் வருகிற ஒரு நீள ஜாக்கெட் பின்னியிருந்தாள். உண்மையைச் சொல்கிறேன், அருமையான வேலை. துண்டுகளை மடித்து எடுத்துக்கொண்டு என்னிடம்தான் வந்தாள்.

"அக்கா, நீ சேத்துக் குடுத்தாதான் எனக்குத் திருப்தி."

"வச்சிட்டுப் போ, ஜோரா தச்சுத் தரேன்" என்றேன்.

அரிசி மூட்டையின் வாயை எப்படித் தைத்திருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். சரியான முனை கிடைத்து இழுத்தால் மொத்தத் தையலும் சர்ரென்று ஓடி வந்துவிடும். சங்கிலி மாதிரி ஒரு கண்ணிக்குள் அடுத்த கண்ணி போவதால் வருகிற வினை அது. சாக்குப் பகுதியில் வருஷக்கணக்கில் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். குரோஷா ஊசியால் கையிலும் அப்படிச் சேர்க்கலாம், கடைசிக் கண்ணிக்குள் நூலை விட்டுப் பூட்டிவிட்டால் அது அசையாது. அந்த ஜாக்கெட்டின் இரண்டு பக்கமும், இரண்டு தோளும், கைகள் பொருந்துகிற இடமும் அப்படித்தான் சேர்த்தேன். கடைசிக் கண்ணிகளை மட்டும் பூட்டவில்லை. சாதாரணத் தையல் நூலில் ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்ன முடிச்சுப் போட்டு நிறுத்திவைத்தேன், முனைகளை அக்குளுக்கும் கழுத்துப் பட்டிக்கும் அடியில் ஒளித்தேன். வெளியிலிருந்து பார்த்தால் கோடு தெரியவில்லை. செய்து முடித்ததும் ஒரு டம்ளர் காபி போட்டுக் குடித்தேன். அவ்வளவு ருசியான காபியை நான் குடித்து ரொம்ப நாளாகியிருந்தது.

கொண்டாட்டத்து அன்றைக்கு அவள் சுடிதார் மேல் அந்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு வந்தாள். எல்லோரும் அவளைச் சுற்றிக்கொண்டார்கள். மதாமே எழுந்து வந்து துணியைத் தொட்டுப் பார்த்தார். வாசலில் அவளை நிற்கவைத்து ஒரு பெண் போனைத் தூக்கினாள். நான் பட்டியைச் சரி செய்கிற மாதிரி பக்கத்தில் போனேன்.

"என் பேத்தி கோட்டு உன் பேரனுக்கு அளவு சரியா இருந்துச்சா?" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கேட்டேன்.

அவள் திரும்புவதற்குள் நான் முடிச்சுகளை அறுத்து, முதலில் தோள் முனைகளை இழுத்தேன், அப்புறம் அக்குள் முனைகளை. நூல் முழம் முழமாக என் கைக்கு வந்தது. முன்பக்கம் முன்னால் சரிந்தது, முதுகு பின்னால் விழுந்தது, கைகள் இரண்டும் அவள் முழங்கையில் தொங்கின. தெருவில் நின்றுகொண்டிருந்த யாரோ சிரித்தார்கள். எங்கள் மேசைப் பெண்களில் ஒருத்தியும் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு உச்சி குளிர்ந்தது. அந்தச் சில நொடிகளை யார் கேட்டாலும் நான் திருப்பித் தரமாட்டேன்.

அவள் குனிந்து துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். அழுவாள் என்று பார்த்தேன், அழவில்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்துப் பேசினாள், அவளும் எல்லோருக்கும் கேட்கிற மாதிரிதான் பேசினாள்.

"நான் ரெண்டு வாட்டி போனேன்க்கா உம் பொண்ணு வீட்டுக்கு. மொத வாட்டி கதவத் தொறக்கல. ரெண்டாவது வாட்டி மழயில கீழயே நின்னுக்கினு இருந்தேன், எறங்கி வந்தா. பொட்டலத்தப் பிரிச்சா, பாத்தா, திரும்ப எங் கையிலயே வச்சிட்டா. 'அப்பா நிக்கிறாருன்னு எங் கல்யாணத்துக்கு வராதவங்க. அவங்க கை பட்டது எதுவும் எம் புள்ள மேல படக் கூடாது'ன்னா. அத உங்கிட்ட எப்படிக்கா வந்து சொல்றது? திருப்பிக் கொண்டாந்து குடுத்தா நீ தாங்குவியா? வீணாப் போக வேணாமேன்னு எம் பேரனுக்குப் போட்டேன். உன் வேல தெரியிற மாதிரி படம் புடிச்சிப் போட்டதுதான் என் தப்பு."

சிரித்தவர்கள் நகர்ந்துவிட்டார்கள். என் கையில் கத்திரிப்பூ நிறத்து நூல் கொத்தாக இருந்தது. என்னை அத்தனை பேரும் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்கு அவளைப் பார்த்துச் சிரித்ததே தேவலை. மதாம்தான் கடைசியில், "இந்தக் கடையில ஒருத்தர ஒருத்தர் அவுத்து விடறது இதோட கடைசியா இருக்கட்டும். உள்ள வாங்க, கேக் இருக்கு" என்றார். நான் உள்ளே போகவில்லை. பொட்டலம் மாதிரி நூலைச் சுருட்டி மேசையில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வீட்டில் உட்கார்ந்து எல்லோரையும் கரித்துக்கொட்டினேன். காலாப்பட்டுக்காரியை முதலில். அவள் திருப்பிக் கொண்டுவந்திருக்க வேண்டும். நான் தாங்குவேனா மாட்டேனா என்று முடிவு பண்ண அவள் யார்? கோட்டைப் பிரித்து நூலை உருட்டி வைத்திருப்பேன், ஈரக்கையோடு ஓடியிருக்க மாட்டேன். அப்புறம் மகளை. மழையில் நிற்கிறவளிடம் வாங்கிப் பிரித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்திருக்கிறாள். பிரிக்காமல் கொடுத்திருந்தாலாவது வேறு. ஜடையைப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்திருக்கிறாள். அப்பாவிடம் அவளுக்கு இந்த அழுத்தம் வந்திருக்காது, அவர் எதிலும் வழுக்கிக்கொண்டு போகிற ஆள். இது என்னிடமிருந்து போனது. அதை நினைத்தபோது எனக்கு ஆத்திரம் வந்ததா, பெருமை வந்ததா என்று கேட்டால் இரண்டும்தான் வந்தது. அதற்கப்புறம்தான் அழுகை வந்தது.

அடுத்த சனிக்கிழமை போனேன். போகாமல் இருந்தால் தோற்றுப்போனதாக ஆகிவிடும். அவளும் வந்திருந்தாள், அதே காரணமாகத்தான் இருக்கும். ஜாக்கெட்டைத் தானே சேர்த்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். தையல் வரி புழு மாதிரி உப்பிக்கொண்டு தெரிந்தது. அதைப் பார்த்து எனக்குச் சந்தோஷம்தான். மேசையில் மற்றவர்கள் தங்கள் துண்டுகளை என்னிடம் கொடுப்பது குறைந்துபோனது. கொடுத்தாலும் வாங்கிக்கொண்டு போகும்போது அக்குளில் ஒரு முறை இழுத்துப் பார்த்துக்கொள்வார்கள்.

அடுத்த குளிர் வந்தது. மறுபடியும் காலாப்பட்டுக்காரிதான் கிளம்பினாள். வலீஸ் மேசைமேல் திறந்திருந்தது, எல்லோரும் பொட்டலம் வைத்தார்கள். நான் எதுவும் வைக்கவில்லை. அவளும் என்னைக் கேட்கவில்லை.

திரும்பி வந்து சாக்லேட் கொடுத்தாள், எனக்கும் ஒன்று கொடுத்தாள். பொட்டலம் அனுப்பிய ஒவ்வொருத்திக்கும் அங்கே நடந்ததை வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். எல்லாம் சொல்லி முடித்து ஊசியை எடுத்து ஒரு வரி பின்னிவிட்டு, யாரையும் பார்க்காமல், "அக்கா பொண்ணும் வந்திருந்தா" என்றாள்.

என் கை நின்றுவிட்டது. "எங்க?"

"எம் புள்ள வூட்டுக்கு. நான் வந்திருக்கிறது யாரோ சொல்லியிருக்காங்க. கொழந்தயத் தூக்கிக்கினு அவளே தேடிக்கினு வந்தா. உன்னப் பத்தித்தான் ரொம்ப நேரம் பேசிக்கினு இருந்தா."

"என்னா பேசுனா?"

அவள் உதடு அசைந்தது, கண்ணி எண்ணிக்கொண்டிருந்தாள். மேசை முழுக்க அவளையே பார்த்தது. "கேக்குறாங்க இல்ல, சொல்லேண்டி" என்று பக்கத்தில் இருந்தவள் சொன்னாள்.

"எண்ணிக்கினு இருக்கேன். பேசுனா தப்பிடும்" என்றாள்.

அன்றைக்குக் கடை விட்டு அவள் பின்னாலேயே பேருந்து நிறுத்தம்வரை போனேன். என் வாழ்க்கையில் நான் யாரிடமும் கெஞ்சியதில்லை. புருஷன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போன அன்றைக்குக்கூட வாசல்வரை போகவில்லை. அவளிடம் கெஞ்சினேன். குழந்தை யார் ஜாடை என்றாவது சொல் என்றேன். அந்த ஜாக்கெட்டைக் கொடு, பிரித்து ஒழுங்காகச் சேர்த்துத் தருகிறேன், ஆயுசுக்கும் கெடாது என்றேன். காலாப்பட்டு பஸ் வந்து நின்றது. படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு அவள் திரும்பினாள்.

"சொல்றேன்க்கா. எனக்கா எப்பத் தோணுதோ அப்பச் சொல்றேன்."

சண்டைக்கான குரலே இல்லை. எப்போதும் பேசுகிற அதே மரியாதையோடுதான் சொன்னாள். அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் இதைவிடக் கச்சிதமாக எனக்கே தோன்றியிருக்காது.

இப்போதும் ஒவ்வொரு சனிக்கிழமையும் போகிறேன். வேறு நாற்காலி காலியாக இருந்தாலும் அவள் பக்கத்தில்தான் உட்காருகிறேன். ஒரு வரி முடிந்து அவள் ஊசியை மாற்றுகிற ஒவ்வொரு முறையும் தலையைத் தூக்கி அவள் வாயைப் பார்க்கிறேன். அவள் அடுத்த வரியைத் தொடங்கிவிடுகிறாள்.